வைஃபை லோடு பேலன்சிங் புராஜெக்ட்: வேலைக்கு உதவுமா?

ஃபைனல் இயர் புராஜெக்டுக்கு வைஃபை லோடு பேலன்சிங் (பயனர்களின் சுமையைப் பல அக்சஸ் பாயின்ட்டுகளுக்குப் பங்கிட்டுக் கொடுப்பது) எடுத்தால் வேலை கிடைக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். கூடப் படிப்பவர்கள் எல்லோரும் ஏஐ பக்கம் போவதால் வந்த பயம் இது. தாராளமாக எடுங்கள். ஆனால் கொஞ்சம் ஆழமாகச் செய்ய வேண்டும்.

பலர் இதை மேலோட்டமாக முடித்துவிடுகிறார்கள். மூன்று அக்சஸ் பாயின்ட் (வைஃபை சிக்னல் தரும் கருவி), முப்பது பயனர், ஒவ்வொன்றுக்கும் பத்துப் பேர் என்று பிரித்து ஒரு கிராஃப் போட்டால் தீர்ந்தது என்ற நினைப்பு. இன்டர்வியூவில் இது ஒரு கேள்விக்குக்கூடத் தாங்காது. ஒரு சேனலில் (ஒரே அலைவரிசையில்) உள்ள கருவிகள் பங்கு போட்டுக்கொள்வது நேரத்தை. சிக்னல் குறைந்து 6 எம்பிபிஎஸ்ஸில் பேசும் லேப்டாப், 54 எம்பிபிஎஸ்ஸில் பேசும் லேப்டாப்பைப் போல அதே தரவை அனுப்ப ஏறக்குறைய ஒன்பது மடங்கு நேரம் பிடித்துக்கொள்ளும். அப்படி இரண்டு கருவிகள் போதும், மற்ற எட்டும் திணறும். ஆகவே தலையை எண்ணாதீர்கள், நேரத்தை அளந்து பாருங்கள்.

அளப்பது கஷ்டமில்லை. பிஎஸ்எஸ் லோடு என்ற சுமைத் தகவலை அனுப்பும்படி அக்சஸ் பாயின்ட்டை அமைத்து, வயர்ஷார்க் என்ற நெட்வொர்க் ஆய்வு மென்பொருளில் அதன் பீக்கனை (அது அடிக்கடி அனுப்பும் அறிவிப்பை) பிரித்துப் பாருங்கள். இணைந்திருக்கும் கருவிகளின் எண்ணிக்கையும், சேனல் எவ்வளவு பிஸி என்பதும் தனித்தனியாக இருக்கும். இரண்டாவது எண் 0 முதல் 255 வரை போகும். எண்ணிக்கை குறைவாக இருந்தும் இது எகிறி நிற்கும் நேரங்களைப் பிடித்துக் காட்டினாலே உங்கள் ரிப்போர்ட்டுக்கு உயிர் வந்துவிடும்.

இன்னொன்று, எங்கே இணைவது என்று கடைசியில் முடிவெடுப்பது போன்தான். வைஃபை தரநிலைகளில் 802.11கே, பக்கத்தில் உள்ள அக்சஸ் பாயின்ட்டுகளைப் போனுக்குச் சொல்லும், 802.11வி வேறு அக்சஸ் பாயின்ட்டுக்கு மாறச் சொல்லிக் கேட்கும். போன் மறுக்கலாம். கட்டாயமாகத் துண்டித்தால் வீடியோ கால் அறுந்துபோகும், சில போன்கள் திரும்ப அதே இடத்தில் வந்து ஒட்டிக்கொள்ளும். எத்தனை போன் சொன்னபடி மாறியது, எத்தனை மறுத்தது, மாறும்போது எவ்வளவு நேரம் தொடர்பு நின்றது என்று எழுதி வையுங்கள். வேலை கொடுப்பவர்கள் தோண்டிக் கேட்கும் இடம் இதுதான்.

என்எஸ்-3 என்ற நெட்வொர்க் சிமுலேஷன் மென்பொருளில் தொடங்கலாம், அதோடு நிறுத்தாதீர்கள். ஓபன்டபிள்யூஆர்டி (ரவுட்டருக்கான லினக்ஸ் மென்பொருள்) ஓடும் இரண்டு ரவுட்டர் கிடைத்தால், கருவிகளை வேறு அக்சஸ் பாயின்ட்டுக்கு நகர்த்த உதவும் யூஸ்டியர் நிரலைப் போட்டுப் பாருங்கள். அப்புறம் ஏஐ ஆசை இருந்தால், நெரிசலை முன்கூட்டிக் கணிக்க ஒரு மாடலைச் சேர்த்து, சாதாரண விதியைவிட அது தேறுகிறதா என்று ஒப்பிடலாம்.

வேலை என்று பார்த்தால், ஃபர்ம்வேர் (கருவிக்குள் ஓடும் மென்பொருள்) பக்கம் போக சி மொழியும் லினக்ஸும் வேண்டும். நெட்வொர்க் வடிவமைப்பு, டெஸ்டிங் பக்கம் என்றால் சிசிஎன்ஏ (சிஸ்கோவின் நெட்வொர்க் சான்றிதழ்) அளவு அடிப்படையோடு சிடபிள்யூஎன்ஏ (வைஃபைக்கான சான்றிதழ்) பாடத்தையும் படியுங்கள். எந்தப் பக்கம் என்று இந்த செமஸ்டருக்குள் முடிவு செய்துவிட்டால், புராஜெக்டையும் அதற்கேற்ப வளைத்துக்கொள்ளலாம்.