பட்ட காலிலே படும்

கேள்வி: அக்கா, ‘பட்ட காலிலே படும்’ என்கிறார்களே, உங்களுக்கு அப்படி நடந்ததுண்டா? (வாசகி, ஈசூன்)

பதில்: ஏன் நடக்காமல்? 2023இல் வேலை போனது. மறுவாரம் குளிர்சாதனப் பெட்டி படுத்துவிட்டது. அப்புறம் அம்மா குளியலறையில் வழுக்கி மணிக்கட்டை முறித்துக்கொண்டார். மருத்துவரைப் பார்த்துத் திரும்பும்போது மழை, என் செருப்பு வாரும் அறுந்தது.

சரி, ஒரு தே தாரிக் (இழுத்து ஆற்றிய பால் தேநீர்) குடிக்கலாமென்று உணவங்காடியில் உட்கார்ந்தோம். ஒரு கையில் அம்மா, மறு கையில் ஒற்றைச் செருப்பு என்று எழுந்து நடந்தபோது ஓர் அதிகாரி தடுத்தார். மேசையில் எங்கள் தட்டு, ஈரத் தாள், மீன் குழம்பு மிச்சம். சிங்கப்பூரில் 2021 முதல் தட்டை அப்படி விட்டுப்போவது குற்றம். முதல் தடவை எழுத்துப்பூர்வ எச்சரிக்கை, மறுமுறை 300 வெள்ளி அபராதம். அடையாள அட்டையை நீட்டினேன். காப்பிக்கு நின்ற வரிசை மொத்தமும் என் வெறுங்காலைப் பார்த்தது.

பழைய தனிப்பாடல் ஒன்றில் வீடு இடிந்து, கடன்காரர் மறித்து, பாம்பும் தீண்டியவனிடம் கடைசியில் குருக்கள் தட்சணை கேட்பார். பாம்பைவிட அந்தக் குருக்கள்தான் எனக்கு உறுத்துவார்.

தட்டைக் கொண்டுபோய் வைத்துவிட்டு வெளியே வந்தோம். அம்மா கேட்டார்: “செருப்பையும் அந்தத் தட்டோடயே வச்சிட்டியாடி?”