நாற்பது ஆண்டு தாங்கிய மண்

அன்புள்ள ஐயா,

யாங்கோனில் அரிசிக்கடை வைத்திருக்கிறேன். என் மைத்துனரின் வீடு மண்டலேயில், ஐராவதிக் கரைக்கு அருகில் இருக்கிறது. 2025 மார்ச் 28 நிலநடுக்கத்தில் யாருக்கும் காயமில்லை, சுவர்களும் பெரிதாக வெடிக்கவில்லை. ஆனால் வீடு ஒரு பக்கமாக முழங்கால் ஆழம் மண்ணுக்குள் இறங்கிவிட்டது. முற்றத்தில் மணலும் நீரும் பீறிட்டதாம். நாற்பது ஆண்டுகள் வீட்டைச் சுமந்த மண் அது. வீட்டின் எடை கூடவில்லையே, பிறகு ஏன் ஒரு நிமிடத்தில் கைவிட்டது? அதே இடத்தில் மீண்டும் கட்டலாமா?

வாசகர், யாங்கோன்

அன்புள்ள நண்பருக்கு,

யாருக்கும் காயமில்லை என்ற வரிக்குப் பிறகுதான் மற்றதை நிதானமாகப் படிக்க முடிந்தது.

எடை கூடவில்லை என்கிறீர்கள், சரிதான். மாறியது அழுத்தம் வந்த திசை. இதை உங்கள் கடையிலேயே பார்க்கலாம். பால் டப்பாவில் அரிசியை மெதுவாகக் கொட்டித் தலைதட்டுங்கள். உள்ளங்கையால் மேலிருந்து அழுத்துங்கள். அரிசி இறங்குவது கண்ணுக்கே தெரியாது. இப்போது டப்பாவின் பக்கத்தில் விரலால் நாலு தட்டுத் தட்டுங்கள். சட்டென்று இறங்கிவிடும். விரலின் தட்டு உள்ளங்கையின் அழுத்தத்தைவிட மிகச் சிறியது. குலுக்கி அளக்கச் சொல்லும் வாடிக்கையாளருக்கு இது நன்றாகவே தெரியும்.

மணலும் அப்படித்தான். ஆற்றில் படியும் மணிகள் பெரும்பாலும் படுத்தவாக்கில் அமைகின்றன. மேலே ஏறும் சுமையை எல்லா மணிகளும் சமமாகப் பங்கிட்டுக்கொள்வதில்லை. ஒன்றன்மேல் ஒன்றாகத் தொட்டு நிற்கும் சில வரிசைகளே பெரும்பகுதியைத் தாங்குகின்றன. அந்த வரிசைகள் மேலிருந்து வரும் சுமைக்காக உருவானவை. பக்கவாட்டில் தள்ளினால் அவை குலைந்து, புதிய திசைக்கு ஏற்ப வேறு வரிசைகள் உருவாக வேண்டும். நிலநடுக்கமோ இடமும் வலமுமாக மாறி மாறித் தள்ளுகிறது. ஒவ்வொரு திருப்பத்திலும் மணிகள் இடைவெளிகளுக்குள் சரிகின்றன. ஆய்வுக்கூடங்களில் அழுத்தத்தின் அளவைக் கூட்டாமல் திசையை மட்டும் சுழற்றிப் பார்த்திருக்கிறார்கள். அப்போதும் மணல் உருமாறுகிறது. திசை பழையபடி திரும்பினாலும் மணிகள் பழைய இடத்துக்குத் திரும்புவதில்லை. இதைப் படித்த நாள் முதல் மணலை வெறும் தூளாக நினைக்க என்னால் முடியவில்லை.

உலர்ந்த மணலாக இருந்திருந்தால் தரை கொஞ்சம் அமிழ்ந்ததோடு முடிந்திருக்கும். ஆற்றங்கரையில் இடைவெளியெல்லாம் நீர். அது வெளியேற நேரமில்லாததால், மணிகள் தாங்கிய சுமை நீரின்மேல் ஏறுகிறது. மணிகள் ஒன்றையொன்று அழுத்திப் பிடிப்பது நின்றுபோகிறது, தரை கூழாகிறது. முற்றத்தில் பீறிட்டது அந்த நீர்தான். 1964இல் ஜப்பானின் நீகாதாவில் அடுக்குமாடிக் கட்டடங்கள், பெரிதாக உடையாமலே இப்படிச் சாய்ந்தன.

இறுக்கமான மணலின் குணம் நேர்மாறு. பக்கவாட்டில் தள்ளினால் மணிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியாக வேண்டும், அதனால் மணல் விரிகிறது. பிரிட்டிஷ் பொறியியல் அறிஞர் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் 1885இல் விளக்கியது இதைத்தான். ஈரக் கடற்கரையில் காலை ஊன்றும்போது பாதத்தைச் சுற்றி மணல் ஒரு கணம் உலர்ந்து வெளுக்கிறதே, அது விரிந்த இடைவெளிகளுக்குள் நீர் இறங்குவதால்தான். ஆகவே “மணலில் கட்டிய வீடு” என்று மணலைப் பழிப்பதை நான் ஏற்பதில்லை. தளர்வும் நீரும் சேர்ந்த இடத்தில்தான் ஆபத்து.

மீண்டும் கட்டுவது பற்றி: ஒருமுறை கூழான மண் இறுகிவிட்டது, இனிப் பயமில்லை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச்சில் 2010இலும் 2011இலும் அதே மனைகள் மறுபடியும் கூழாயின. துளையிட்டு மண்ணைச் சோதிக்காமல் அடித்தளம் போடக்கூடாது. மணலை அதிர்த்து இறுக்கலாம், அல்லது கீழே உள்ள உறுதியான அடுக்கு வரை தூண்களை இறக்கலாம். இரண்டும் செலவுதான், ஆனாலும் சுவருக்கும் கூரைக்கும் ஒதுக்கும் பணத்தில் குறைத்தாவது இதைச் செய்யச் சொல்லுங்கள். அதற்கு முன், அக்கம்பக்கத்துக் கிணறுகளில் மழைக்காலத்திலும் கோடையிலும் நீர் எத்தனை அடியில் நிற்கிறது என்று மைத்துனரிடம் கேட்டு எழுதுங்கள்.