ஜெபமும் கடிகாரமும் – ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

உங்கள் தளத்தை நீண்ட நாளாக வாசிக்கிறேன். முதல் முறையாக எழுதுகிறேன். தினமும் விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்து ஜெபிக்கிறேன். எத்தனை நிமிடம் ஜெபித்தேன் என்று ஒரு நோட்டில் குறித்தும் வைக்கிறேன். என்ன முயன்றாலும் பத்துப் பன்னிரண்டு நிமிடத்துக்கு மேல் போகவில்லை. பாதியில் தூங்கிவிடுகிறேன். (மாமனார் பக்கவாதத்தில் படுக்கையில் இருக்கிறார். நினைவு இருக்கிறது, பேச்சு போய்விட்டது. இரவில் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை அவரைத் திருப்பிப் படுக்க வைக்க வேண்டும்.) எங்கள் ஜெபக்குழுவில் மூத்தவர் ஒருவர், "ஒரு மணி நேரமாவது விழித்திருக்கக்கூடாதா என்று ஆண்டவரே கேட்டிருக்கிறார். பத்து நிமிட ஜெபம் என்றால் பத்து நிமிட அன்புதான்" என்று சொன்னார். அன்றிலிருந்து மனது சரியில்லை. ஜெபிக்கும்போது எந்த உணர்வும் வருவதில்லை. தேவ அன்பின் ஆழத்தை நான் இன்னும் அறியவே இல்லையோ? பெரிய பக்தர்கள் சொல்கிற 'இருண்ட இரவு', அதாவது கடவுள் விலகிவிட்டதுபோல் ஆத்துமா வறண்டுபோகும் காலம், இதுதானா? சொந்த வார்த்தையில் ஜெபிப்பது நல்லதா, மனப்பாட ஜெபம் நல்லதா? நேரத்தைக் கூட்ட ஒரு வழி சொல்லுங்கள்.

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

கடிதத்திலேயே முக்கியமான விஷயத்தை அடைப்புக்குறிக்குள் போட்டுவிட்டீர்கள். அதைப் படித்ததால்தான் இந்தப் பதிலை எழுதுகிறேன். மற்றதெல்லாம் எனக்கு வாரத்துக்கு ஒருவர் எழுதுவதுதான்.

முதலில் அந்த இருண்ட இரவு. தயவுசெய்து அதை விட்டுவிடுங்கள். அந்தச் சொல்லைத் தந்த ஸ்பெயின் துறவி சிலுவை யோவானை அவருடைய சொந்த சபைத் துறவிகளே 1577 டிசம்பரில் பிடித்துக்கொண்டுபோய் டொலேடோவில் ஒரு சின்ன அறையில் அடைத்தார்கள். அடுத்த ஆண்டு ஆகஸ்டில்தான் தப்பித்து வெளியே வந்தார். உங்களுக்கு இருப்பது தூக்கமின்மை. இரண்டும் ஒன்றல்ல. எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழே உட்கார்ந்து "நான் சாகவேண்டும்" என்று கேட்டபோது தேவன் அவருக்குப் பிரசங்கம் செய்யவில்லை. தூங்கவிட்டார், தூதனை அனுப்பித் தட்டி எழுப்பிச் சாப்பிடச் சொன்னார், மறுபடி தூங்கவிட்டார், மறுபடி சாப்பிடச் சொன்னார். ஓரேப் மலையில் தேவன் மெல்லிய சத்தத்தில் பேசியதெல்லாம் அதற்கு அப்புறம். உங்களுக்கும் முதலில் ஆள் உதவி வேண்டும். இரவில் ஒரு முறையாவது வேறு யாராவது எழுந்திருக்கட்டும். வீட்டில் ஆண்கள் யாரும் இல்லையா? நீங்கள் எழுதவில்லை, நான் கேட்கிறேன்.

சொந்த வார்த்தையா, மனப்பாடமா என்பதற்கு நான் பதில் சொல்லப்போவதில்லை. எது வாயில் வருகிறதோ அது. (கீழே எனக்கே தெரியாமல் பதில் வந்துவிட்டால் அதற்கு நான் பொறுப்பல்ல.)

அந்த மூத்தவர் விஷயத்துக்கு வருகிறேன். எனக்குக் கோபம் வந்தது. "பத்து நிமிட ஜெபம் பத்து நிமிட அன்பு" என்று வேதத்தில் எங்கே இருக்கிறது? "அதிக வசனிப்பினால் தங்கள் ஜெபம் கேட்கப்படுமென்று நினைக்கிறார்கள்" என்று இயேசு மலைப்பிரசங்கத்தில் சொல்லியிருப்பது யாரைப் பற்றி? அதற்கு முன்னால் "அலப்பாதேயுங்கள்" என்று ஒரு வார்த்தை இருக்கிறதே, அதைவிட நல்ல தமிழ் எனக்குத் தெரியாது.

ஆனால் அவரை மட்டும் திட்டுவது நியாயமில்லை. நோட்டு வைத்திருப்பது நீங்கள்தானே? அன்பை நிமிடக் கணக்கில் எழுதுவது அவர் சொல்வதற்கு முன்பே உங்களிடம் இருந்த பழக்கம். அவர் அந்த நோட்டில் மொத்தம் போட்டுக் காட்டினார், அவ்வளவுதான். குழந்தை எத்தனை நிமிடம் மடியில் உட்கார்ந்தது என்று எந்தத் தாயாவது எழுதி வைப்பாளா? நோட்டை மூடி வையுங்கள்.

அப்புறம் அந்த ஒரு மணி நேரம். மத்தேயு 26ஆம் அதிகாரத்தைத் திறந்து மறுபடி படியுங்கள். வசனம் இப்படி இருக்கிறது: "நீங்கள் ஒரு மணி நேரமாவது என்னோடேகூட விழித்திருக்கக்கூடாதா?" எல்லோரும் ஒரு மணி நேரத்தையே பிடித்துக்கொள்கிறோம். பக்கத்திலேயே 'என்னோடேகூட' என்று ஒரு சொல் நிற்கிறது, அதை யாரும் கவனிப்பதில்லை. இயேசு பிடிபடப்போகிற இரவு அது, சாவு நெருங்கிவிட்ட ஒருவர் பேசுகிறார். சீஷர்களில் எட்டுப் பேரைத் தள்ளி உட்காரச் சொல்லிவிட்டு மூன்று பேரைப் பக்கத்தில் அழைத்துப் போகிறார். தனியாக ஜெபிக்கத் தெரியாதவரா அவர்? இரவெல்லாம் மலைமேல் தனியாக ஜெபித்தவர். அன்றைக்கு அவருக்கே பக்கத்தில் ஆள் வேண்டியிருந்தது. அவர்கள் தூங்கிவிட்டார்கள். மாம்சம் பலவீனமுள்ளது என்று அவர்கள் சார்பில் அவரே சாக்குச் சொல்லிவிட்டார்.

நீங்கள் இரவில் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை எழுந்து ஒரு மனிதரின் முதுகுக்குக் கீழே கைகொடுத்துத் திருப்புகிறீர்கள். அப்படித் திருப்பாவிட்டால் படுக்கைப்புண் வந்துவிடும். அந்த வீட்டில் விழித்திருப்பது யார், தூங்குவது யார்? 'வேலையே ஜெபம்' என்று சொல்லி உங்களைச் சமாதானப்படுத்த வரவில்லை. அந்த வாசகம் வசதியானது, நானே பல வருடம் அதைச் சொல்லித் தப்பித்திருக்கிறேன். நான் சொல்ல வருவது வேறு.

அன்பின் ஆழத்தைப் பற்றிக் கேட்டீர்கள். அகலமும் நீளமும் ஆழமும் உயரமும் என்று பவுல் எபேசியருக்கு எழுதிய இடத்தை எத்தனையோ பிரசங்கத்தில் கேட்டிருப்பீர்கள். அது போதனை அல்ல, ஜெபம். "முழங்கால்படியிட்டு" என்று தொடங்குகிறார். காவலில் கட்டுண்டிருக்கிற ஒரு மனிதர், மற்றவர்களுக்காக முழங்காலில் நின்று கேட்கிறார். என்ன கேட்கிறார்? அவர்கள் அந்த அன்பை "சகல பரிசுத்தவான்களோடுங்கூட" உணரவேண்டும் என்று. இந்தச் சொற்களை விட்டுவிட்டு ஆழத்தை மட்டும் எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறோம். தனியாக ஒருவர் நூலை விட்டு ஆழம் பார்க்கிற காரியமே இல்லை அது. போதாததற்கு அடுத்த வரியில் "அறிவுக்கெட்டாத அந்த அன்பை அறிந்துகொள்ள" என்கிறார். எட்டாததை எப்படி அறிவது? ஒருவர் கைக்கு எட்டாது, அதனால்தான் எல்லோரோடும் சேர்ந்து என்று எனக்குப் படுகிறது. வேதபண்டிதர்கள் சண்டைக்கு வரலாம், வரட்டும்.

"அறைவீட்டுக்குள் பிரவேசித்து, உன் கதவைப் பூட்டி" என்று இயேசுவே சொல்லியிருக்கிறாரே என்று நீங்கள் கேட்பீர்கள். சொல்லியிருக்கிறார். மூன்று வசனம் தள்ளி, அந்தப் பூட்டிய அறைக்குள் என்ன சொல்லவேண்டும் என்று கற்றுக்கொடுக்கிறார்: "பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே." பரமண்டல ஜெபம் என்கிறோமே, அதுதான். தனியாக இருக்கிற ஆளுக்கு எதற்கு 'எங்கள்'? அந்த ஜெபத்தை முதலிலிருந்து கடைசிவரை சொல்லிப் பாருங்கள். 'நான்' என்றோ 'எனக்கு' என்றோ ஒரு இடத்திலும் இல்லை.

தமிழில் நம், எங்கள் என்று இரண்டு சொல் உண்டு. கேட்கிறவரையும் சேர்த்தால் நம், சேர்க்காவிட்டால் எங்கள். புதிய ஏற்பாட்டின் கிரேக்கத்தில் இரண்டுக்கும் ஒரே சொல்தான். கடவுளிடம் பேசும்போது 'எங்கள்'தான் வரமுடியும், தமிழ் அதில் நமக்கு வேறு வழி வைக்கவில்லை. ஆனால் அந்த எங்களுக்குள் யார் யார் என்று இலக்கணம் சொல்லாது. உங்கள் மாமனார் உண்டு. நீங்கள் உண்டு. அந்த மூத்தவரும் உண்டு, என்ன செய்வது.

என் அம்மா நீளமாக ஜெபிப்பவர். அந்த மூத்தவர் பார்த்திருந்தால் முழு மதிப்பெண் போட்டிருப்பார். இரவு ஜெபத்தில் ஒவ்வொருவர் பெயராகச் சொல்லுவார். பட்டியல் முடிவதற்குள் நாங்கள் முழங்காலிலேயே தூங்கி விழுவோம். நான் ஒரு கண்ணைத் திறந்து பார்ப்பேன். அம்மாவோடு பேச்சுவார்த்தை இல்லாத உறவுக்காரி ஒருத்தியின் பெயரும் அதில் வரும். அதை மட்டும் கொஞ்சம் வேகமாகச் சொல்லிக் கடந்துவிடுவார்.

எழுபத்தோராவது வயதில் பக்கவாதம். மூளையின் இடது பக்கம். பேச்சு போனது. மிஞ்சியது ஒரே ஒரு சொல், 'அது'. தண்ணீரும் அது, தலையணையும் அது, நானும் அது. என் பெயரைச் சொல்ல வாயைத் திறந்து, வராமல், கையால் கட்டிலை அடிப்பார். அப்போது நான் ஜெபிப்பதை விட்டு ஆறு வருடம் ஆகியிருந்தது. பெரிய தத்துவக் காரணம் எதுவும் இல்லை. ஒரு சாவு, அதன்மேல் ஒரு கோபம், அப்புறம் சோம்பல்.

பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த பெண் ஒன்று சொன்னார். புதிதாக ஒரு வாக்கியத்தைக் கட்டுவது வேறு, வாய்க்குப் பழகியதைச் சொல்வது வேறு. முதலாவதை இழந்தவர்களிடம் இரண்டாவது பல நேரம் மிஞ்சியிருக்கும். ஒன்று இரண்டு மூன்று எண்ணச் சொல்லுங்கள், கிழமைகளைச் சொல்லுங்கள், பாடுங்கள், மனப்பாடமான ஜெபம் இருந்தால் அதைச் சேர்ந்து சொல்லுங்கள் என்றார். நான் பரமண்டல ஜெபத்தைப் பயிற்சியாகத்தான் தொடங்கினேன். பக்தி துளியும் இல்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, காதருகே மெதுவாக, வாய்ப்பாடு சொல்வதுபோல. முதல் நாள் ஒன்றும் இல்லை. இரண்டாம் நாளும் இல்லை. நான்காம் நாள் "உம்முடைய நாமம்" என்று நான் இழுத்தபோது, அம்மா "பரிசுத்தப்படுவதாக" என்றார். முழுச் சொல். எனக்குக் கை நடுங்கியது. இருவரும் மேலே போனோம். "இன்று எங்களுக்குத் தாரும்" வரைக்கும் வந்தேன், அப்புறம் எனக்கு வரவில்லை. ஆறு வருடம் சொல்லாததால் மறந்துபோயிருந்தது. அண்ணனோடு எனக்கு அப்போது ஒரு மனக்கசப்பு இருந்தது, அதனால்தான் அடுத்து வரும் மன்னிப்பு வரியில் நின்றேன் என்று எழுதினால் கதை நன்றாக இருக்கும். உண்மை அதல்ல, வெறுமனே மறந்துபோனது. அம்மா என்னைப் பார்த்தார். "எங்கள் கடனாளிகளுக்கு" என்று எடுத்துக்கொடுத்தார். முடியும்வரை அவர் முன்னே போக, நான் பின்னாலேயே போனேன்.

முடிந்ததும் நான் "அம்மா" என்று கூப்பிட்டேன். "அது" என்றார்.

ஏழு மாதம் இருந்தார். பெயர்கள் எதுவும் திரும்ப வரவில்லை, என் பெயர் உட்பட. அவ்வளவு பெரிய பட்டியல் போய்விட்டது. 'எங்கள்' மட்டும் இருந்தது. அந்த மாதங்களில் எனக்கும் எந்த உணர்வும் வந்ததாக நினைவில்லை. தினமும் மாலையில் உட்கார்ந்தேன், அவ்வளவுதான். நான்கு பேர் கூரையைப் பிரித்து, உடல் செயலிழந்த ஒரு திமிர்வாதக்காரனை இயேசுவின் முன் இறக்கினார்களே, அங்கே இயேசு கண்டது "அவர்கள் விசுவாசத்தை" என்று மாற்கு எழுதியிருக்கிறார். படுத்திருந்தவன் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. எங்கள் வீட்டில் படுத்திருந்தது யார், தூக்கிவந்தது யார் என்று எனக்கு இன்னும் குழப்பம் உண்டு.

சரி, உங்கள் கேள்வி என்ன? மறுபடி கடிதத்தை எடுத்துப் பார்த்தேன். நேரத்தைக் கூட்ட வழி. எனக்குத் தெரியாது, அம்மா.

ஒன்று செய்து பாருங்கள். ஐந்து மணிக்கு எழுந்திருக்க வேண்டாம், தூங்குங்கள். இரவு அவரைத் திருப்பிப் படுக்க வைத்த பிறகு, தலையணையைச் சரிசெய்துவிட்டு, காதருகே பரமண்டல ஜெபத்தை மெதுவாகச் சொல்லுங்கள். ஒவ்வொரு வரியின் கடைசிச் சொல்லையும் சொல்லாமல் கொஞ்சம் நிறுத்துங்கள். அவர் சொல்லலாம், சொல்லாமலும் போகலாம். எல்லோருக்கும் வரும் என்று நான் வாக்குக்கொடுக்க மாட்டேன். வராவிட்டால் நீங்களே முடித்துவிடுங்கள். ஒரு நிமிடம்கூட ஆகாது. நோட்டில் எழுத வேண்டாம்.

அவர் பெயரை நீங்கள் எழுதவில்லை. எழுதினால் நானும் சொல்லிக்கொள்வேன். ஒரு மணி நேரமெல்லாம் என்னால் முடியாது, தூங்கிவிடுவேன்.