ஈஸ்ட்டில் என்சைம் தயாரிக்கும் புராஜெக்ட்: மகளை விடலாமா என்று கேட்ட அம்மாவுக்கு

வணக்கம் அம்மா. பி.டெக். பயோடெக்னாலஜி மூன்றாம் ஆண்டு படிக்கும் உங்கள் மகள், ஈஸ்ட் மூலம் லைசோசைம் தயாரிப்பதைப் புராஜெக்டாக எடுக்க ஆசைப்படுகிறாள். "இதையெல்லாம் விட்டுவிட்டு கோடிங் வகுப்பில் சேர்த்துவிடட்டுமா" என்று கேட்டிருக்கிறீர்கள். என் பதில்: புராஜெக்டை எடுக்கட்டும். ஆனால் அதை எப்படிச் செய்கிறாள் என்பதைப் பொறுத்துத்தான் வேலை அமையும்.

லைசோசைம் நம் கண்ணீரிலும் எச்சிலிலும் இருக்கும் ஒரு என்சைம், அதாவது வேதிவினையை வேகப்படுத்தும் புரதம். பெனிசிலினைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் ஃபிளெமிங், அதற்கு முன்பே 1922ல் இதைப் பற்றி எழுதிவிட்டார். பாக்டீரியாவின் செல் சுவரை இது அறுத்துவிடும். பாக்டீரியா உடைந்து போகும். பாலாடைக்கட்டி உப்பி வீணாகாமல் இருக்க இதைச் சேர்க்கிறார்கள். கடையில் கிடைக்கும் லைசோசைம் பெரும்பாலும் முட்டை வெள்ளைக்கருவிலிருந்து எடுக்கப்படுகிறது. முட்டை ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு அதனால் சிக்கல். அதற்கு மாற்றாக, மனித லைசோசைமின் மரபணுவை ஈஸ்ட்டுக்குள் வைத்துத் தயாரிக்கிறார்கள்.

ஏன் ஈஸ்ட்? பாக்டீரியாவைக் கொல்லும் பொருளை பாக்டீரியாவிடமே தயாரிக்கக் கொடுத்தால் அது தன் சுவரையே அரித்துக்கொள்ளும் ஆபத்து உண்டு. ஈஸ்ட்டின் சுவர் வேறு பொருளால் ஆனது, லைசோசைம் அதை ஒன்றும் செய்யாது. பிக்கியா பாஸ்டோரிஸ் என்ற ஈஸ்ட் வகை இன்னும் வசதி. தயாரித்த என்சைமை வெளியே, திரவத்திலேயே விட்டுவிடும். தன்னுடைய மற்ற புரதங்களை அதிகம் கலக்காது. சுத்தப்படுத்தும் செலவு குறைகிறது.

இப்போது உங்கள் கவலைக்கு வருகிறேன். லைசோசைம் தயாரிக்கத் தெரியும் என்பதற்காக மட்டும் யாரும் வேலை தரப்போவதில்லை. ஆனால் இதே பிக்கியாவில்தான் ஹைதராபாத்தின் சாந்தா பயோடெக்னிக்ஸ் ஹெபடைடிஸ் பி தடுப்பூசி தயாரித்து 1997ல் சந்தைக்குக் கொண்டுவந்தது. பெங்களூரு பயோகான் 2004ல் கொண்டுவந்த இன்சுலினும் இதே ஈஸ்ட்டில் தயாரானதுதான். பொருள் மாறும், ஃபெர்மென்டரை (ஈஸ்ட்டை வளர்க்கும் மூடிய தொட்டி) ஓட்டும் வேலை பெரிதாக மாறாது. அதைக் கற்றவள் என்சைம், தடுப்பூசி, இன்சுலின் என்று மூன்று கதவுகளைத் தட்டலாம்.

அந்த வேலை எப்படி இருக்கும்? முதலில் கிளிசரால் கொடுத்து ஈஸ்ட்டை வளர்ப்பார்கள். ஈஸ்ட் பெருகப் பெருக, திரையில் கரைந்த ஆக்சிஜன் அளவு இறங்கிக்கொண்டே வரும். கிளிசரால் தீர்ந்த உடனே அந்த எண் சட்டென்று மேலே ஏறும். சாப்பாடு இல்லாததால் மூச்சு வாங்குவது குறைந்துவிட்டது என்று அர்த்தம். அப்புறம் மெத்தனாலைக் கொஞ்சம் கொஞ்சமாக விடவேண்டும். அதுதான் என்சைம் மரபணுவை முடுக்கிவிடும். அதிகம் விட்டால் ஈஸ்ட் செத்துவிடும், குறைத்தால் என்சைம் குறையும். நுரை பொங்கும், சூடு ஏறும், மெத்தனால் தீப்பிடிக்கக்கூடியது, விஷமும்கூட. நேர்முகத் தேர்வில் "பேட்ச் (ஒரு முறை தயாரிப்பு) நடுவே ஆக்சிஜன் இறங்கினால் என்ன செய்வாய்?" என்று கேட்டால், கலக்கியின் வேகத்தை ஏற்றுவேன், காற்றைக் கூட்டுவேன், ஃபீடை, அதாவது உள்ளே விடும் உணவைக் குறைப்பேன் என்று செய்து பார்த்த தைரியத்தில் சொல்லவேண்டும். புத்தகத்தை ஒப்பித்தால் இரண்டாவது கேள்வியிலேயே தெரிந்துவிடும்.

எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருவது இதுதான்: பல கல்லூரிகளில் ஃபெர்மென்டர் கண்ணாடி அறையில் பூட்டியே கிடக்கிறது. பிள்ளைகள் குடுவையில் வளர்த்து, புரதம் இருப்பதைக் காட்டும் ஜெல்லில் ஒரு பட்டையைப் படம் எடுத்து, புராஜெக்டை முடித்துவிடுகிறார்கள். பொறியியல் பட்டம் வாங்கிய பிள்ளைக்கு ஃபீடு கணக்கு போடத் தெரியவில்லை என்றால் தவறு அவளுடையது அல்ல, ஆனால் வேலை கிடைக்காமல் போவது அவளுக்குத்தான்.

வீட்டில் பேசவேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. ஒரு பேட்ச் நாள்கணக்கில் ஓடும், அதனால் ஷிஃப்ட் உண்டு. ஆரம்பச் சம்பளத்தை ஐடி கம்பெனியோடு ஒப்பிட்டால் ஏமாற்றமாக இருக்கும். இரவு ஷிஃப்ட்டுக்கு வண்டி அனுப்புவார்களா, தங்கும் இடம் எப்படி என்று கம்பெனியிடம் தயங்காமல் கேளுங்கள். இதற்காகவே பெண்ணை இந்தத் துறை வேண்டாம் என்று தடுப்பதை நான் ஏற்கமாட்டேன். கேம்பஸுக்கு ஐடி கம்பெனி வந்தால் அதையும் எழுதட்டும். பைத்தான் கற்றால் ஃபெர்மென்டர் தரவை அலசவும் உதவும், அதனால் கோடிங் வகுப்பும் வீண் இல்லை. மேலே படிக்க விரும்பினால் கேட் (GATE) தேர்வில் பயோடெக்னாலஜி தாள், அதோடு பயோடெக்னாலஜி முதுநிலைப் படிப்புக்கான கேட்-பி (GAT-B) தேர்வு எழுதலாம். கேட் மதிப்பெண்ணோடு எம்.டெக். சேர்ந்து, ஏஐசிடிஇ (தொழில்நுட்பக் கல்விக்கான அகில இந்திய கவுன்சில்) உதவித்தொகைக்குத் தகுதி பெற்றால் மாதம் 12,400 ரூபாய் கிடைக்கும்.

இந்த வாரமே உங்கள் மகள் தன் வழிகாட்டிப் பேராசிரியரிடம் மூன்று விஷயம் கேட்கட்டும். ஃபெர்மென்டர் எத்தனை லிட்டர், கடைசியாக எப்போது ஓடியது? மெத்தனால் ஃபீடை மாணவர்களே கையாள விடுவார்களா? கிடைத்த லைசோசைம் வேலை செய்கிறதா என்று மைக்ரோகாக்கஸ் என்ற பாக்டீரியா கலந்த கலங்கலான கரைசலில் விட்டு, அது தெளிவதை 450 நானோமீட்டர் அலைநீள ஒளியில் அளக்க வசதி இருக்கிறதா? மூன்றுக்கும் "இல்லை" என்றால், அதே புராஜெக்டை ஃபெர்மென்டர் ஓடும் வேறு ஆய்வகத்தில் செய்ய அனுமதிக் கடிதம் கேட்கச் சொல்லுங்கள்.