மாஸ்டர் போனையே எடுக்க மாட்டேங்கிறார்!

கேள்வி: பனியன் ஏற்றுமதி கம்பெனியில், ஆர்டர் தரும் பையருக்கும் கம்பெனிக்கும் நடுவில் நின்று வேலையைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். துணியின் ஷேடு (சாய நிறம்) சரியில்லை என்றாலே, சாயம் போடும் டையிங் மாஸ்டர் கத்துகிறார். இப்போது போனையும் எடுப்பதில்லை. பையருக்கு என்ன பதில் எழுதுவது?
- ஒரு வாசகி, திருப்பூர்

பதில்: முதலில் அந்தச் 'சரியில்லை'யை விடுங்கள், அம்மணி. காலமெல்லாம் சாயத்தில் கை நனைத்தவருக்கு அதைக் கேட்டால் சுருக்கென்றுதான் இருக்கும். "கொஞ்சம் செவப்படிக்குதுங்க மாஸ்டர், டல்லாவும் தெரியுது" என்று சொல்லிப் பாருங்கள். கத்துவதற்குப் பதில் சாயக் கலவை ரெசிபியைப் புரட்டுவார்.

ஷேடு விஷயத்தைப் போனில் பேசவே கூடாது. வாட்ஸ்அப் படம் அதைவிட மோசம், ஒவ்வொரு கேமராவும் ஒரு கலர் காட்டும். துணித்துண்டையும் பையர் ஓகே சொன்ன லேப் டிப்பையும் (முதலில் சாயம் போட்டுக் காட்டிய சின்ன மாதிரித் துணி) எடுத்துக்கொண்டு நேரில் போங்கள். விதவிதமான வெளிச்சத்தில் நிறம் பார்க்கும் லைட் பாக்ஸில் இரண்டையும் ஒட்டி வைத்து இருவரும் சேர்ந்து பாருங்கள். பகல் வெளிச்சமான டி65-ல் பொருந்தி, கடை வெளிச்சமான டிஎல்84-ல் விலகினால் சாயக் கலவையில்தான் சிக்கல். அதை மாஸ்டரே சொல்லிவிடுவார். (ஷிப்ட் மாறும் நேரத்தில் மட்டும் போய் நிற்காதீர்கள்!)

பையருக்கு 'சீக்கிரம் அனுப்புகிறோம்' என்று எழுதாதீர்கள். புது சாம்பிள் எந்தத் தேதியில் கூரியர் ஆகும், கப்பல் தேதி தள்ளுமா தள்ளாதா, இரண்டே வரி போதும். தள்ளும் என்றால் இன்றைக்கே சொல்லுங்கள். கடைசி வாரத்தில் சொன்னால் சரக்கை விமானத்தில் அனுப்பும் செலவு உங்கள் முதலாளி தலையில்.