எழுபது மணி நேரமும் ஒரு வாளும்

கேள்வி: திருகோணமலை நகரில் கணக்கு எழுதும் வேலை செய்கிறேன், வயது 26. கட்டாரில் இருக்கும் பள்ளித்தோழனோடு வாரத்தில் ஐந்து இரவுகள், இரவுக்கு இரண்டு மணி நேரம் ஒன்லைன் கேம் விளையாடுகிறேன். ஏழு வாரங்களாக ஒரே பொஸ்ஸைத்தான், அதாவது கேமில் வரும் ஒரு பெரிய எதிரியைத்தான் அடிக்கிறோம். ஒரு தடவைக்கு 20 நிமிடம் செல்லும். அதை வீழ்த்தும் ஒவ்வொரு தடவையும் நான் தேடும் வாள் கிடைக்கும் வாய்ப்பு 1 சதவீதம். இன்னும் கிடைக்கவில்லை. நேரத்தைக் கடலில் கொட்டுகிறாய் என்கிறார் அக்கா. இந்தக் கேம் என் நேரத்தை மதிக்கிறதா?
– வாசகர், உப்புவெளி

பதில்: அன்புத் தம்பி, கணக்குத் தெரிந்த உங்களிடம் கணக்கிலிருந்தே தொடங்குகிறேன். எழுபது மணி நேரத்தில் 210 தடவை முயன்றிருக்கிறீர்கள். 1 சதவீதம் என்றால் நூறாவது தடவைக்குள் கிடைத்துவிடும் என்றே பலரும் நம்புகிறார்கள். உண்மையில் நூறு தடவை முயன்ற நூறு பேரில் ஏறத்தாழ 37 பேர் வெறுங்கையோடுதான் இருப்பார்கள். 210 தடவைக்குப் பிறகும் 12 பேர் மிஞ்சுவார்கள். நீங்கள் அந்தப் பன்னிருவரில் ஒருவர், அவ்வளவுதான். ஆனால் 211ஆவது தடவையிலும் உங்கள் வாய்ப்பு அதே 1 சதவீதம்தான் என்பதே எனக்கு உறுத்துகிறது, ஏனெனில் நீங்கள் கொடுத்த எழுபது மணி நேரத்தில் ஒரு நிமிடத்தைக்கூட அந்தக் கேம் நினைவில் வைத்திருக்கவில்லை.

ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்வதை நான் குறை சொல்லமாட்டேன். நம் கரையில் கரைவலை இழுப்பவர்களுக்கும் மீன்பாடு இல்லாத நாட்கள் உண்டு. ஆயினும் அவர்களை நாளையும் வரவைப்பதற்காகக் கடல் மீனை ஒளித்து வைப்பதில்லை. கேமில் அந்த 1 சதவீதத்தை ஒருவர் இருந்து யோசித்துத்தான் வைத்தார். எத்தனையாவது முயற்சியில் பலன் வரும் என்று தெரியாதபோது முயற்சி எளிதில் நிற்பதில்லை என்பதை உளவியலாளர் பி. எஃப். ஸ்கின்னர் புறாக்களிடம் கண்டு, 1957ஆம் ஆண்டிலேயே ஃபெர்ஸ்டருடன் சேர்ந்து விரிவாக எழுதிவிட்டார்.

வேறு வழி இல்லாமலும் இல்லை. 2012இல் வந்த டயப்லோ 3 கேமில் பொருட்களை ஏலத்தில் விற்கவும் வாங்கவும் முடிந்தது. அரக்கர்களை அடித்துப் பொருள் எடுக்கும் இன்பத்தையே அது கெடுக்கிறது என்று ஒப்புக்கொண்ட நிறுவனம், 2014இல் ஏலத்தை மூடி, வீரருக்குப் பொருத்தமான பொருட்கள் கூடுதலாகக் கிடைக்கும்படி லூட் எனப்படும் பொருள் விழும் முறையையும் மாற்றியது. காசு வாங்கிக் குலுக்கல் நடத்தும் ஜென்ஷின் இம்பாக்ட் என்ற கேம் கூட 90ஆவது குலுக்கலுக்குள் ஐந்து நட்சத்திரப் பொருள், அதாவது உச்சத் தரப் பொருள் ஒன்றை உறுதிசெய்கிறது. காசுக்கு ஓர் எல்லை வைக்க முடியுமானால், உங்கள் இரவுகளுக்கும் வைக்கலாம். வைக்காத கேம் உங்கள் நேரத்தை மதிக்கவில்லை என்பதே என் தீர்ப்பு.

அக்காவின் பேச்சை மட்டும் முழுதாக ஏற்கமாட்டேன். பிரிந்து வாழும் தோழனோடு பேசிச் சிரித்த மணித்தியாலங்கள் கடலில் போனவை அல்ல. ஆகவே இந்த வாரம் அந்த பொஸ்ஸை விட்டுவிட்டு, நீங்கள் இருவரும் இதுவரை போகாத ஓர் இடத்துக்குக் கேமிலேயே போய்ப் பாருங்கள். இரண்டு மணி நேரம் போனது தெரியாவிட்டால் கேமை வைத்துக்கொண்டு வாளை விடுங்கள். வாள் இல்லாமல் அங்கே இருக்கவே பிடிக்கவில்லை என்றால், கட்டாருக்கு அழைப்பு எடுத்துப் பேச அந்தக் கேம் தேவையில்லை.