தறிச் சத்தத்தில் போன காது திரும்புமா?

கேள்வி: என் கணவருக்கு 46 வயது. இருபது வருஷத்துக்கு மேலாக விசைத்தறி ஓட்டுகிறார். இப்போதெல்லாம் டிவியை அலற விடுகிறார், மகள் பேசினால் புரிவதில்லை, ராத்திரியில் காதுக்குள் 'கொய்ங்' என்று இரைகிறதாம். மெடிக்கலில் சொட்டு மருந்து வாங்கி விடுகிறோம். சரியாகிவிடுமா?
– ஒரு வாசகி, பள்ளிபாளையம்

பதில்: அந்தச் சொட்டு மருந்தை முதலில் நிறுத்துங்கள், இதற்கு அது கேட்காது. நீங்கள் சொல்வதெல்லாம் தறிச் சத்தத்தைத்தான் காட்டுகிறது. உட்காதில் ஒலியை வாங்கும் மயிர்ச்செல்கள் செத்துவிட்டால் மறுபடி முளைப்பதில்லை. பெரும்பாலும் 4,000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் இருக்கும் கீச்சொலிகள்தான் முதலில் போகும், அதனால்தான் மகள் பேசுவது காதில் விழுந்தும் என்ன சொன்னாள் என்பது பிடிபடவில்லை. முகத்தைப் பார்த்து நிதானமாகப் பேசச் சொல்லுங்கள், கத்த வேண்டாம்.

போனது போகட்டும், மிச்சத்தைக் காப்பாற்றியே ஆக வேண்டும். அரசு மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவில் ஆடியோகிராம், அதாவது காது எவ்வளவு கேட்கிறது என்று பார்க்கும் சோதனை, எடுங்கள். ஷிப்ட் முடிந்த கையோடு போகாதீர்கள், அப்போது காது தற்காலிகமாக மந்தமாக இருக்கும். லீவு நாளுக்கு மறுநாள் காலை, வேலைக்குப் போகும் முன் எடுப்பதுதான் சரி. ஒரு காது மட்டும் திடீரென்று அடைத்தாலோ தலை சுற்றினாலோ ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது.

நம் நாட்டு விதிப்படி 8 மணி நேரத்துக்கு 90 டெசிபல்தான் எல்லை, 85-லேயே ஆபத்து ஆரம்பித்துவிடுகிறது. நாடாத் தறிகள் வரிசையாக ஓடும் குடோனில் சத்தம் இந்த எல்லையைச் சர்வசாதாரணமாகத் தாண்டும், அதிலும் 12 மணி நேர ஷிப்ட் என்றால் கேட்கவே வேண்டாம். பஞ்சு வைத்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள், போதாது. ஃபோம் அடைப்பானை மெல்லிசாக உருட்டி, மறு கையால் காதை மேலும் பின்னுமாக இழுத்துப் பிடித்து உள்ளே விட்டு, அது விரியும்வரை விரலால் அழுத்தியிருக்க வேண்டும். 'அடைத்துக்கொண்டால் தறி கோளாறானது தெரியாதே' என்பார். ஓசை குறையுமே தவிர நின்றுவிடாது, கொஞ்ச நாளில் பழகிவிடும்.

அப்புறம் ஒன்று. சத்தத்தால் காது மந்தமாவது 1948-ஆம் வருடத் தொழிற்சாலைகள் சட்டத்திலேயே தொழில்நோய்ப் பட்டியலில் இருந்தது. இ.எஸ்.ஐ. இருந்தால் அங்கே கேளுங்கள். இல்லையென்றாலும் சட்டப்படி இதற்கு இழப்பீடு கேட்க இடம் உண்டு. அதனால் ஆடியோகிராம் ரிப்போர்ட்டைத் தூக்கிப் போட்டுவிடாமல் வைத்திருங்கள், வருஷா வருஷம் ஒன்று எடுத்துப் பழையதோடு ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.